பாங்காக்கில் இரண்டு நாள்: ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

பாங்காக் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் ஒப்பிப்பார்கள். பட்டாயாவில் இரண்டு இரவு, பாங்காக்கில் இரண்டு இரவு, ஒரு கோயில் வாசலில் இருபது நிமிடம், ஒரு ரத்தினக் கடையில் ஒன்றரை மணி நேரம், மிச்சப் பொழுதெல்லாம் மால். இவ்வளவு செலவு செய்து போய் இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிறது. நமக்கு நெருக்கமான எத்தனையோ விஷயங்களை அந்த நகரம் வைத்திருக்கிறது. அதைப் பார்க்க ஒரு வாரம் தேவையில்லை. முழுதாக இரண்டு நாள் போதும், ஆனால் அந்த இரண்டு நாளையும் வேறு எதற்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலில் ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தது. அயோத்தியின் பெயரைத் தாங்கிய தலைநகரம் அது. அடுத்து வந்த தக்சின் மன்னர் சாவ் ப்ரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியில் ஆட்சியை அமைத்தார். 1782இல் முதலாம் ராமா அரியணை ஏறி, தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வெட்டிய கால்வாய், நடுவில் தீவு போல ரத்தனகோசின் என்ற பழைய நகரம். சாலை என்று சொல்லத்தக்க சாலை 1860களில்தான் வந்தது. அதற்கு முன்பு போக்குவரத்து எல்லாமே தண்ணீரில். அதனால்தான் அரண்மனையும் பெரிய கோயில்களும் ஆற்றை ஒட்டியே நிற்கின்றன. வாடகைக் காரில் போகிறவர் நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சேரும் இடத்துக்குப் படகில் போகிறவர் அரை மணியில் காற்று வாங்கிக்கொண்டே போய்விடுகிறார்.

கிளம்புமுன்

தாய்லாந்துக்குள் நுழையும் எல்லா வெளிநாட்டவரும் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் அன்றே தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட் என்பது அவர்கள் நாணயம். ஒரு பாட்டுக்கு எத்தனை ரூபாய் என்று கிளம்புமுன் பார்த்து மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் தனியே கட்டணம் பிடிப்பார்கள். அதனால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் மேல்தளத்தில் பணம் மாற்றாமல், ரயில் நிலையம் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து மாற்றுங்கள். அங்கே நல்ல விலை கிடைக்கும். அதே தளத்தில் ஏறும் ரயில் அரை மணிக்குள் நகர நடுவில் பயா தாய் நிலையத்தில் விட்டுவிடும். கட்டணம் 45 பாட். மலிவு விலை விமானங்கள் சில டோன் முவாங் என்ற பழைய விமான நிலையத்தில் இறங்குகின்றன. டிக்கெட்டில் எது என்று பாருங்கள், இரண்டும் ஊரின் இரு கோடி.

தங்குமிடத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது. பயணக் குழுக்களை வழக்கமாகப் பிரதுனாம், நானா பகுதிகளில் தங்க வைப்பார்கள். இரண்டே நாள் போகிறவர் அங்கே தங்க வேண்டாம். சிலோம், சாத்தோன் பகுதியில் அறை எடுங்கள். மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் படிக்கட்டின் அடியிலேயே சாத்தோன் படகுத்துறை. இரண்டாம் நாள் மாலை போகப்போகும் மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல் வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததல்ல. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்.

முதல் நாள்: ஆறும் அரண்மனையும்

காலை ஏழேகாலுக்குச் சாத்தோன் துறையில் இருங்கள். இந்தத் துறையில் முக்கியமாக இரண்டு வகைப் படகு உண்டு. நீலக் கொடி சுற்றுலாப் படகு. ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வார்கள், கூட்டம் குறைவு, விலை அதிகம். ஆரஞ்சுக் கொடி ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு. எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். இதில்தான் போக வேண்டும். கண்டக்டர் அம்மா கையில் நீளமான ஓர் உலோக உருளை வைத்திருப்பார். அதற்குள் ஒரு பக்கம் சில்லறை, ஒரு பக்கம் டிக்கெட் சுருள். மூடியைத் திறந்து திறந்து அடித்து ‘டக் டக்’ என்று ஓசை எழுப்பிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்து வருவார். படகின் பின்முனையில் நிற்கும் பையன் விசில் அடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்கிறான்: நெருங்கு, இன்னும் நெருங்கு, நிறுத்து, கிளம்பு. படகு துறையில் நிற்பது அரை நிமிடம்தான். இறங்க வேண்டிய துறைக்கு முன்பே எழுந்து பின்பக்கம் வந்துவிடுங்கள். குழந்தையும் முதியவரும் உடன் வந்தால் அவர்களை முதலில் இறக்குங்கள். பிக்குகளுக்கு என்று தனியே இடம் ஒதுக்கியிருப்பார்கள், அங்கே நிற்க வேண்டாம். பெண்கள் பிக்குகளின் மேல் படாமல் விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான மரபு.

தா சாங் துறையில் இறங்குங்கள். சில நிமிட நடையில் அரண்மனை மதில். இங்கே ஓர் எச்சரிக்கை. நன்றாக உடுத்தி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் புன்னகையோடு வந்து, ‘இன்று சடங்கு நடக்கிறது, அரண்மனை மதியம்தான் திறக்கும், அதுவரை வேறு கோயில்களைப் பார்த்து வாருங்கள்’ என்பார். பக்கத்திலேயே ஒரு துக்துக் நிற்கும். இருபதே பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்வார்கள். முதல் பயணத்தில் நான் அந்த வண்டியில் ஏறினேன். ஒரு சிறு கோயில், பிறகு ரத்தினக் கடை, பிறகு தையற்கடை. திரும்பி வந்து பார்த்தால் அரண்மனை காலையிலிருந்தே திறந்திருந்தது. அந்த ஒரு காலைப் பொழுதை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் வாசல்வரை நடந்து போய்ப் பாருங்கள். அரச சடங்குகளுக்காக உண்மையாகவே சில பகுதிகளை மூடும் நாட்களும் உண்டு. அதை முந்தின நாளே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அரண்மனை காலை 8:30க்குத் திறக்கும். மாலை 3:30க்கு டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். தோள் மூட வேண்டும், முழங்கால் மூட வேண்டும். கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போர்த்திக்கொண்டாலும் உள்ளே விடமாட்டார்கள். புடவை, சுடிதார், முழுக்கால்சட்டை எதுவும் சரி. திறந்தவுடன் நுழைகிறவருக்குத்தான் நிம்மதி. பத்து மணிக்குள் குழுப் பேருந்துகள் வந்து நிறைந்துவிடும்.

உள்ளே போனதும் எல்லோரும் மரகத புத்தர் சந்நிதிக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். முதலில் கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மண்டபத்துக்குப் போங்கள். அங்கே 178 பகுதிகளாகச் சுவர் முழுக்க ராமாயணம். அவர்கள் அதை ராமகியென் என்கிறார்கள். அரசர்களுக்கே ராமா என்று வரிசைப் பெயர் வைத்திருக்கும் நாடு அது. இன்றைய மன்னர் பத்தாம் ராமா. கம்பனைப் படித்தவர்களும் பாட்டி வாயால் கதை கேட்டவர்களும் அந்தச் சுவர்முன் நின்றால் யாரும் விளக்கம் சொல்லாமலே பாதிக் கதை புரிந்துவிடும். புரியாத மீதிப் பாதிதான் சுவாரசியம். அவர்களுடைய அனுமன் பிரம்மச்சாரி அல்ல. கடலில் அணை கட்டும்போது கல்லைத் தூக்கிப் போகும் மச்சகன்னியைத் துரத்திப்போய்க் காதலிக்கிறான். அவள் பெயர் சுவன்னமச்சா, தங்க மீன். ராவணனுக்கு அவள் மகள். ராவணன் அங்கே தோசகன், அதாவது தசகண்டன். சீதையும் அவனுக்கே பிறந்த மகள் என்று அவர்கள் கதை போகிறது. ஒரு பகுதியில் அனுமன் மலைபோல வளர்ந்து, ராமன் உறங்கும் மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். அந்த ஓவியத்தைத் தேடிப் பிடித்து அருகில் நின்று பாருங்கள். மகுடமும் நகையும் ஆயுதமும் பொன்வண்ணத்தில் மின்னும். கூட்டத்துச் சிப்பாய்களுக்கு அந்தப் பொன் இல்லை, ஆனால் ஓவியரின் குறும்பெல்லாம் அவர்களிடம்தான்: ஒருவன் கொட்டாவி விடுகிறான், ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் பேச்சுக் கொடுக்கிறான். மண்டபத்தில் நிழலும் உண்டு, கூட்டமும் குறைவு. முழுச் சுற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு பக்கச் சுவரை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள்.

பிறகு சந்நிதி. மரகதம் என்று பெயரே தவிர, அது பச்சைக் கல்லில் செதுக்கிய சிலை. உயரம் 66 சென்டிமீட்டர்தான். உயர்ந்த பீடத்தில் எங்கோ மேலே சின்னதாகத் தெரியும். சியாங் ராய் நகரில் 1434இல் மின்னல் தாக்கிய ஒரு தூபிக்குள் சுதை பூசிய புத்தர் கிடைத்ததாகவும், மூக்கில் சுதை உதிர்ந்தபோது உள்ளே பச்சைக் கல் தெரிந்ததாகவும் வரலாறு சொல்கிறார்கள். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கு மூன்று அலங்காரம், மன்னரே மாற்றுகிறார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது கால்பாதம் புத்தரை நோக்கி நீளாமல் மடித்து உட்காருங்கள்.

அரண்மனை டிக்கெட்டிலேயே கோன் என்ற முகமூடிக் கூத்தும் அடங்கும். சாலா சலோம்க்ருங் அரங்கில் வார நாட்களில் நடக்கிறது. சுவரில் பார்த்த கதையை மேடையில் பார்க்க இது நல்ல வாய்ப்பு. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்குத் தெற்கே நடந்தால் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்தில் சாய்ந்திருக்கும் புத்தரைக் காணத்தான் கூட்டம். முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கால்மாட்டுக்குப் போங்கள். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் இழைத்திருக்கிறார்கள். வெளிச்சம் படும்போது ஒவ்வொன்றும் வேறு நிறம் காட்டும். முதுகுப் பக்கம் 108 வெண்கலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள், மண்டபம் முழுக்க அந்தக் கிணுகிணு ஓசை. ஆனால் வாட் போவின் உண்மையான செல்வம் வெளியே திறந்தவெளியில் இருக்கிறது. மூன்றாம் ராமா காலத்தில் மருத்துவம், உடற்கூறு, இலக்கியம் என்று அன்றைய அறிவையெல்லாம் கல்லில் பொறித்து மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். சிறு செயற்கைக் குன்றுகளில் ரிஷிகள் கையை முறுக்கி, காலை மடக்கி உடற்பயிற்சி காட்டும் சிலைகளைக் காணலாம். நம் ஆசனங்களின் உறவுக்காரர்கள் அவர்கள். 1955இல் இங்கேதான் தாய் மரபு மருத்துவப் பள்ளி தொடங்கியது. மசாஜ் எங்காவது செய்துகொள்வதாக இருந்தால் இந்த வளாகத்தில் செய்துகொள்ளுங்கள். நடந்த களைப்பும் தீரும், கண்ட இடத்தில் ஏமாறவும் வேண்டாம். நுழைவு 300 பாட்.

வாட் போ வாசலிலிருந்து தா தியன் துறைக்கு இரண்டு நிமிடம். அங்கிருந்து அக்கரைக்குப் படகு. ஐந்து பாட் அளவில் கட்டணம். அக்கரையில் வாட் அருண். அருணன் பெயரால் அமைந்த வைகறைக் கோயில். தூரத்தில் சாம்பல் நிறக் கோபுரமாகத் தெரிவது கிட்டே போனால் பூப்பூவாய் விரியும். சீனத்துப் பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் உடைத்து, இதழ் இதழாகப் பதித்துச் செய்த பூக்கள் அவை. பலவற்றில் தட்டின் விளிம்பும் கிண்ணத்தின் வளைவும் அப்படியே தெரிகின்றன. மேலே மூன்று தலை யானைமேல் இந்திரன். அந்த யானையை எரவான் என்பார்கள், நம் ஐராவதம். படிகள் செங்குத்தானவை. நடு அடுக்கு வரை ஏறவிடுவார்கள், இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்க்கலாம், இழப்பு ஒன்றும் பெரிதல்ல. பாரம்பரிய உடை வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் இங்கே எப்போதும் இருக்கும். மாலை ஆறுக்குள் மீண்டும் தா தியன் கரைக்கு வந்துவிடுங்கள். சூரியன் அக்கரைக் கோபுரத்தின் பின்னே இறங்குவதை இந்தக் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இருட்டியபின் பாக் க்லோங் பூச்சந்தைக்கு நடந்தே போகலாம். இரவு பகல் மூடாத சந்தை. சாக்குச் சாக்காகச் செவ்வந்தி நிறத்துத் துலுக்கச் சாமந்தி, தாமரை மொட்டு, ஆர்க்கிட். ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர் மாலை கோர்ப்பதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தேன். நம் ஊர் பூக்காரர்கள் நாரில் கட்டுகிறார்கள். இவர்கள் ஒரு முழங்கை நீள ஊசியில் கோர்க்கிறார்கள். மல்லிகை மொட்டுகளைக் காம்பு கிள்ளிவிட்டு, வட்டமாக ஒரு சுற்று, அடுத்த சுற்று சற்றே தள்ளி என்று ஊசியிலேயே கெட்டியான ஓர் உருளை வளர்கிறது. ஊசி நிறைந்ததும் ஒரே இழுப்பில் நூலுக்கு இறக்கிவிடுகிறார். குஞ்சத்துக்கு என்ன பூ வைக்கிறார் என்று குனிந்து பார்த்தால் வெள்ளெருக்கு. நம் ஊரில் பிள்ளையாருக்குப் போகிற பூ. அங்கே அதற்கு ‘டோக் ரக்’, அன்புப் பூ என்று பெயர், அதனால் கல்யாண மாலையில்கூட இடம் உண்டு. மல்லிகைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘மலி’. மாலைக்குப் பெயர் ‘மாலாய்’.

சாப்பாடு

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பாங்காக்கில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காய்கறி மட்டும் என்று கேட்டாலும் ‘நாம் ப்லா’ எனும் மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்புப் போல. ‘ஜே’ என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சீன வழி வந்த சுத்த சைவம் அது. மீன் சாறு, முட்டை கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. ‘கின் ஜே’ என்றால் புரிந்துகொள்வார்கள். ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து எழுதியிருக்கும். நம் கண்ணுக்கு 17 என்ற எண்ணைப் போலவே தோன்றும். அந்தப் பதினேழைப் பார்த்தால் தயங்காமல் நுழையலாம். சீனத் தெருவான யாவோராத்தில் இப்படிக் கடைகள் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு யாவோராத்தின் இரவுத் தெருக்கடைகளே போதும். வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். வரிசை நிற்கிற கடையில் சாப்பிடுங்கள், குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். ஏப்ரல், மே மாதம் போகிறவர்கள் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் சாப்பிடாமல் வராதீர்கள்.

இரண்டாம் நாள்: ஊஞ்சலும் மார்கழியும்

இந்த நாளைத்தான் பயணக் குழுக்கள் உங்களுக்குக் காட்டுவதில்லை. மெட்ரோவில் சாம் யோத் நிலையத்தில் இறங்கி வடக்கே பத்து நிமிடம் நடந்தால் சாலை நடுவில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள், உச்சியில் வேலைப்பாடு செய்த குறுக்குச் சட்டம். உயரம் 21 மீட்டருக்கு மேல். சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். 1784இல் முதலாம் ராமா காலத்தில் நிறுவியது. இப்போது நிற்கும் மரங்கள் 2007இல் மாற்றியவை. ஊஞ்சல் பலகை இப்போது இல்லை. வெறும் தூணைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கதை தெரிந்தால் அப்படி நகர முடியாது.

ஆண்டுக்கொரு முறை சிவபெருமான் பத்து நாள் பூமிக்கு இறங்கி வருகிறார் என்பது நம்பிக்கை. அவரை வரவேற்கும் விழாவில் இந்தத் தூண்களுக்கு நடுவே ஊஞ்சல் கட்டி, இளைஞர்கள் நின்றபடி விண்ணில் ஆடி, மூங்கில் கழியில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். ஆட்டம் 1935இல் நின்றுபோனது. விழா நிற்கவில்லை. பக்கத்துச் சந்தில் இருக்கும் தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயிலில் அது இன்றும் நடக்கிறது. அதன் பெயர் த்ரீயம்பவாய், த்ரீபவாய். வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை.

அரண்மனைச் சடங்குகளைச் செய்யும் பிராமணர்கள் வெண்ணிற உடையும் கொண்டையுமாக இருப்பார்கள். அவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து நகோன் சி தம்மராத் வழியாக வந்தவர்கள் என்பது வழக்கு. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவும் சுவடியாகவும் காத்துவந்த அவர்களின் மந்திரங்களுக்குள் தமிழ்ப் பதிகங்கள் இருக்கின்றன. உச்சரிப்பு மாறிவிட்டது, பொருளும் மறந்துவிட்டது. ஓதுவதை மட்டும் அவர்கள் விடவில்லை. தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மொழி தெரியாத ஒரு கூட்டம் இத்தனை நூற்றாண்டு இன்னொரு மொழியின் பாட்டைச் சிந்தாமல் தூக்கிவந்திருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கும். இதற்காக மட்டுமே ஒருமுறை பாங்காக் போகலாம் என்று கூசாமல் சொல்வேன்.

தேவஸ்தானம் சின்ன வளாகம். வெள்ளைச் சுவர், மூன்று சந்நிதி: சிவன், பிள்ளையார், நாராயணன். முன்னால் ஒரு குளத்து நடுவில் பிரம்மா. உள்சந்நிதிகள் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. பூட்டியிருந்தால் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். அவர்களும் கைகூப்பித்தான் வணங்குகிறார்கள், ‘சவாதி’ என்கிறார்கள், நம்மிடமும் உள்ள ‘ஸ்வஸ்தி’தான் அது. ஊஞ்சலின் எதிரே வாட் சுதட். சுகோதாயிலிருந்து கொண்டுவந்த எட்டு மீட்டர் உயர வெண்கல புத்தர் அங்கே அமர்ந்திருக்கிறார். அரண்மனையில் கிடைக்காத அமைதி இங்கே கிடைக்கும். தரையில் அரை மணி உட்காருங்கள்.

அங்கிருந்து பொன்மலை எனப்படும் வாட் சகேட் பக்கம்தான். 344 படிகள், சாய்வாகச் சுற்றிப் போவதால் சிரமம் தெரியாது. உச்சியில் நின்றால் பழைய நகரம் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளாகவும், அதன் பின்னால் புதிய நகரம் கண்ணாடிக் கட்டடங்களாகவும் பிரிந்து தெரியும். மலையடியில் பான்ஃபா துறையிலிருந்து சேன் சேப் கால்வாய்ப் படகு புறப்படும். தண்ணீர் கறுப்பு, வாடை உண்டு, பக்கத்துத் தார்ப்பாயை நீங்களே கயிறு இழுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். ஆனாலும் கால்மணி நேரத்தில் பிரதுனாமில் விட்டுவிடும். அங்கிருந்து நடந்தால் எரவான் கோயில்: 1956இல் ஒரு ஓட்டல் கட்டும்போது தடங்கல் நீங்க வைத்த பிரம்மா. நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் அரிது. அங்கே நெரிசலான நாற்சந்தியில் அவருக்கு நாள் முழுக்க மாலையும் நடனமும். பத்து நிமிடம் போதும்.

நேரம் மிச்சம் இருந்தால் மாலுக்குப் போகாமல் வாட் திரைமித் போங்கள். ஐந்தரை டன் பொன் புத்தர். 1955இல் இடம் மாற்றும்போது கயிறு அறுந்து விழுந்து, மேலே பூசியிருந்த சுதை விரிசல் விட்டு, உள்ளே தங்கம் என்று தெரிந்தது. சியாங் ராய் மின்னல் கதை நினைவுக்கு வரும். மிதக்கும் சந்தை, புலிப் பூங்கா, இரவு உல்லாசப் படகு ஆகியவற்றை இந்த இரண்டு நாளில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குப் போகவர ஆகும் நேரத்துக்கு ஈடாக அங்கே ஒன்றும் கிடைக்காது.

மாலையில் சிலோம் சாலைக்குத் திரும்பி, பான் தெரு முனையில் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 1879இல் தமிழர்கள் எழுப்பியது. தாய் மக்கள் அதை ‘வாட் கெக்’ என்கிறார்கள். ‘கெக்’ என்றால் விருந்தாளி. இந்தியர்களை அப்படித்தான் அழைப்பார்கள். கோபுரம் நம் ஊர்க் கோபுரம்தான். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாய் மக்கள், அலுவலகம் விட்டு வந்த இளம்பெண்கள், கையில் பூத்தட்டு, தேங்காய், வாழைப்பழம். அர்ச்சனைக்குக் காத்திருக்கும் அவர்களின் முகத்தில் இருக்கும் பக்தியைப் பார்த்தபின் அம்மன் யாருக்கு உரியவள் என்ற கேள்வியே எழாது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நவராத்திரி முடிவில், விஜயதசமி இரவு அம்மன் சிலோம் சாலையில் புறப்படுவாள். அன்று அந்தப் பெரிய சாலையையே வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். சீனர்களின் ஒன்பது நாள் ஜே விரதமும் பெரும்பாலும் அதே சமயத்தில் வருவதால், சைவர்களுக்கு அதைவிட நல்ல வாரம் ஆண்டில் கிடையாது.

பயண மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழியை ஒட்டி, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். வெயில் தணிந்திருக்கும், தேவஸ்தானத்தில் விழாவும் அப்போதுதான். அவர்கள் சந்திர நாட்காட்டிப்படி நாள் குறிப்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். விமான டிக்கெட் எடுக்கும் முன்பு அந்த ஆண்டின் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.